அசோலா முதல் ஆகாயத்தாமரை வரை: நீர்ச்செடிகள் மீனுக்குத் தீவனம் ஆகுமா?

அசோலாவில் 25 சதவீதம் புரதம் இருக்கிறது என்று ஒரு வீடியோ சொல்கிறது. அதே அசோலாவில் ஒன்றரை சதவீதம்தான் புரதம் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் சரி. முதலாவது காயவைத்த அசோலாவின் கணக்கு. இரண்டாவது, தொட்டியிலிருந்து அப்படியே அள்ளிய ஈர அசோலாவின் கணக்கு. மீன் வளர்ப்பவர்களைக் குழப்பும் பேச்சில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மீதிப் பாதி, எந்த மீனுக்கு என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக ‘மீனுக்கு நல்லது’ என்று சொல்வதால் வருகிறது.

‘குளத்து மேட்டில் நாலு தொட்டி வைத்தால் தீவனச் செலவே கிடையாது’ என்று நம்பிப் பணம் போட்டவர்கள் உண்டு. ‘இதெல்லாம் களைச்செடி, எடுத்து வீசு’ என்று ஒதுக்கியவர்களும் உண்டு. உண்மை நிலவரம் இந்த இரண்டுக்கும் நடுவில், மீனுக்கு மீன், செடிக்குச் செடி மாறுகிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தீவனத்துக்கு ஏன் இவ்வளவு தேடல்?

மீன் வளர்ப்பின் நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. குஞ்சு, சுண்ணாம்பு, மோட்டார் கரண்ட், ஆள் கூலி எல்லாம் அதற்கு அப்புறம்தான். உலக அளவில் வளர்ப்பு மீன், கூடிக்கொண்டே போகும் தொழில். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு தரும் கணக்குப்படி, 2022-ல் வளர்ப்பு மூலம் கிடைத்த மீன், இறால் வகைகள் 9.44 கோடி டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்தவை 9.1 கோடி டன். வளர்த்தது பிடித்ததைத் தாண்டியது அதுவே முதல் முறை.

இத்தனை மீனுக்கும் தீனி எங்கிருந்து வருகிறது? புரதத்துக்கு மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன: மீன் தூள், சோயாப் புண்ணாக்கு, மற்ற எண்ணெய்ப் புண்ணாக்குகள். மூன்றிலும் சமீப ஆண்டுகளில் அடி விழுந்திருக்கிறது.

மீன் தூள் என்பது பெரும்பாலும் சிறு மீன்களை வேகவைத்து, எண்ணெய் பிழிந்து, காயவைத்து அரைத்தது. 60 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள பொருள். உலகச் சந்தையில் இதன் விலையைத் தீர்மானிப்பது பெரு நாட்டுக் கடலில் கிடைக்கும் ஒரு நெத்திலி வகைதான். 2023-ல் எல் நினோவால் கடல் சூடாகி, பெருவின் வடக்கு, மத்தியக் கடலில் முதல் பருவ மீன்பிடிப்பே ரத்தானது. மீன் தூள் விலை உலகம் முழுக்க ஏறியது. 2021-ல் இந்தியாவில் சோயாப் புண்ணாக்குக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டில், மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதி தர வேண்டியதாயிற்று.

கெண்டை வளர்க்கும் சிறு விவசாயி மீன் தூள் பெரிதாக வாங்குவதில்லை. அவருடைய நம்பிக்கை தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான். அங்கேயும் மாடும் கோழியும் போட்டிக்கு நிற்கின்றன. கால்நடைத் தீவன விலை ஏறியதால் எண்ணெய் நீக்கிய தவிட்டின் ஏற்றுமதியை மத்திய அரசு 2023 ஜூலையில் தடை செய்தது. தவிடுதானே என்று அலட்சியமாக இருந்த காலம் போய்விட்டது. இந்த நெருக்கடியில்தான், குட்டையில் தானாக மிதக்கும் ஒரு பச்சைச் செடி எல்லோர் கண்ணிலும் படுகிறது.

25 சதவீதமா, ஒன்றரை சதவீதமா?

முதலில் ஒரு சொல். தீவனப் பையில் அச்சிடுவது ‘கச்சாப் புரதம்’. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை; பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். உரம் மிகுந்த தண்ணீரில் வளர்ந்த செடியில் புரதமாக மாறாத நைட்ரஜனும் இருக்கும். அதுவும் இந்தக் கணக்கில் புரதமாக எண்ணப்பட்டுவிடும். ஆகவே நீர்ச்செடியின் புரத எண்ணை எப்போதும் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் பார்க்க வேண்டும்.

இனி கணக்கு:

1. 100 கிலோ ஈர அசோலாவில் சுமார் 94 கிலோ தண்ணீர். காயவைத்தால் மிஞ்சுவது 6 கிலோ.

2. அந்த 6 கிலோவில் 22 முதல் 25 சதவீதம் கச்சாப் புரதம். அதாவது 1.3 முதல் 1.5 கிலோ.

3. நல்ல கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. 1.4 கிலோ புரதம் வேண்டும் என்றால் மூன்றரைக் கிலோ புண்ணாக்குக்குள் முடிந்துவிடும்.

ஆக, ஒரு ஆள் கூடை கூடையாக அள்ளிச் சுமக்கும் 100 கிலோ பச்சையும், ஒரு கையில் தூக்கும் சிறு பை புண்ணாக்கும் புரதத்தில் சமம். வெளியூரிலிருந்து ஈர அசோலாவை வண்டி வைத்து வரவழைப்பது என்பது தண்ணீருக்கு வாடகை கொடுப்பது. நீர்ச்செடித் தீவனம் லாபம் தருவது, செடி வளரும் இடமும் மீன் தின்னும் இடமும் நடந்துபோகிற தூரத்தில் இருந்தால் மட்டும்தான்.

அசோலாவைக் குறைத்துச் சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. கடலைப் புண்ணாக்குக்கு ஒரு போகம் நிலம், மழை, செக்கு எல்லாம் வேண்டும். அசோலாவுக்குச் சாணித் தண்ணீர், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், நிழல் போதும். பெரணி இனத்தைச் சேர்ந்த இந்தச் சின்னஞ்சிறு செடியின் இலைக்குள் ஒரு நீலப்பச்சை நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. யூரியா போடாமலே புரதம் சேர்வது அதனால்தான். நெல் வயலில் உரமாக அசோலாவைப் போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

செடிகள் எல்லாம் ஒன்றல்ல

அசோலாவைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் விளக்கத் தேவையில்லை. மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுப் பழகியவர்கள் ஏராளம்; கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் பரப்பிய சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக் விரிப்பு) தொட்டி முறை மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு அடையாளம் மட்டும் நினைவில் இருக்கட்டும். பச்சையாக இருக்க வேண்டிய அசோலா செங்கல் நிறத்துக்கு மாறினால், அதற்கு வெயில் அதிகம், அல்லது பாஸ்பரஸ் போதவில்லை என்று பொருள். அந்த நிலையில் வளர்ச்சியும் குறையும், தரமும் குறையும். சித்திரை, வைகாசியில் நிழல் வலை இல்லாத தொட்டிகள் இப்படித்தான் வீணாகின்றன.

டக்வீட் என்று விற்கப்படும் லெம்னா வகைகள் அடுத்து வருவன. பச்சைப் பயறை அழுத்தித் தட்டையாக்கியது போன்ற இலை. தண்டு என்று ஒன்றும் கிடையாது. நல்ல நிலையில் இரண்டு முதல் நான்கு நாளில் எடை இரட்டிப்பாகும். இதன் தம்பி போன்ற உல்ஃபியா, ரவை அளவே இருக்கும். தாய்லாந்திலும் லாவோஸிலும் அதை மனிதர்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். லெம்னாவின் சிறப்பும் சிக்கலும் ஒன்றுதான்: அதற்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் அதன் தரம். சத்தில்லாத தண்ணீரில் வளர்ந்தால் உலர் எடையில் 15 முதல் 20 சதவீதப் புரதம். நைட்ரஜன் நிறைந்த தண்ணீரில் 35, 40 வரை போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு கைப்பிடி லெம்னாவைக் கண்ணாடி டம்ளரில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். வேர் நூல் போல நீண்டு தொங்கினால் செடி பசியில் இருக்கிறது, சத்தைத் தேடி வேரை நீட்டுகிறது. வேர் குட்டையாகவும் இலை கரும்பச்சையாகவும் இருந்தால் புரதம் ஏறியிருக்கிறது. விலை பேசி வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

தண்ணீருக்கு அடியில் வளரும் வேலம்பாசி, அதாவது ஹைட்ரில்லா, புல்கெண்டைக்கு மிகப் பிடித்தது. சாம்பல் சத்து, அதாவது தாது உப்புகள், அதிகம்; புரதம் நடுத்தரம். வள்ளைக்கீரை மனிதனுக்கும் கீரை, மீனுக்கும் கீரை. இளந்தண்டாக நறுக்கிப் போட்டால் நன்றாகத் தின்னும்.

அப்புறம் ஆகாயத்தாமரை. இந்தப் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்பது பிஸ்டியா, முட்டைக்கோஸ் போல இலையடுக்கி மிதக்கும் செடி. இன்று ஏரிகளை மூடிக்கொண்டு ஊதாப் பூப் பூக்கும் செடிக்கும் மக்கள் அதே பெயரைச் சொல்கிறார்கள். வெங்காயத்தாமரை என்றும் அதற்குப் பெயர். அது அமேசான் பகுதியிலிருந்து வந்தது. தீவனக் கோணத்தில் இரண்டுமே கடைசி வரிசை. பிஸ்டியாவின் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. சேனைக்கிழங்கு நாக்கை அரிக்குமே, அதே பொருள். வெங்காயத்தாமரையின் காம்பு முழுக்க நார். புல்கெண்டையே பொதுவாக இந்த இரண்டையும் ஒதுக்கிவிடும். ‘ஏரியில் மண்டிக்கிடக்கிறதே, மீனுக்குப் போட்டால் ஏரியும் சுத்தமாகும், தீவனமும் ஆகும்’ என்ற யோசனை கேட்க நன்றாக இருந்தாலும் பச்சையாகப் போட்டு அது நடக்காது.

மீனின் வயிற்றைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்

செடியின் செல் ஒவ்வொன்றையும் செல்லுலோஸ் சுவர் சூழ்ந்திருக்கிறது. புரதம் அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கிறது. மாடு அந்தச் சுவரை உடைப்பதற்கு நான்கு அறை கொண்ட இரைப்பையும், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும், மணிக்கணக்கில் அசைபோடும் வாயும் வைத்திருக்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. பின் எப்படிச் சில மீன்கள் இலை தின்று வளர்கின்றன?

புல்கெண்டையின் வழி அரைப்பது. அதன் வாயில் பல் இல்லை. தொண்டையில் சீப்பு போன்ற பற்கள் இருக்கின்றன. இலையைக் கிழித்து நசுக்கி உள்ளே தள்ளும். நசுங்கிய செல்லிலிருந்து சாறு கிடைக்கும், நசுங்காதது அப்படியே வெளியேறும். தின்றதில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே போகிறது. இதனால்தான் ஒரு நாளில் தன் உடல் எடையில் பாதியிலிருந்து முழு எடை வரை தின்கிறது. ஒரு கிலோ எடை கூடச் செடியைப் பொறுத்து 30 முதல் 60 கிலோ ஈரச் செடி தேவைப்படுகிறது.

கேட்டால் பெரிய நஷ்டம் போலத் தெரியும். ஆனால் வெளியேறும் அந்தப் பாதி வீணல்ல. அரைபட்டு, நுண்ணுயிர் கலந்து வெளிவரும் அந்தக் கழிவு, குளத்துக்கு நேரடி உரம். அதில் நுண்பாசி வளர்கிறது. பாசியை வெள்ளிக்கெண்டை வடிகட்டித் தின்கிறது. அடியில் படிந்ததை மிர்கால் கிளறித் தின்கிறது. ஒரு புல்கெண்டை மூன்று வெள்ளிக்கெண்டையை வளர்க்கும் என்பது சீன மீன் வளர்ப்பாளர்களின் பழைய வழக்கு. இந்தியாவில் 1957 ஜூலை 10-ல் ஒடிசாவின் அங்குலில் மீனியல் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி ஹார்மோன் ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்ததும், 1959-ல் ஹாங்காங்கிலிருந்து புல்கெண்டை கட்டாக்குக்கு வந்ததும் சேர்ந்துதான் கூட்டுமீன் வளர்ப்புக்கு வழி திறந்தன. கட்லா, ரோகு, மிர்காலோடு புல்கெண்டையைச் சேர்த்தவர்கள் அதற்குக் கொடுத்த வேலை இதுதான்: குளத்துச் செடியை மற்ற மீன்களுக்கும் பயன்படும்படி மாற்றுவது.

திலேப்பியாவின் வழி வேறு. நம் ஊர்ச் சந்தையில் ஜிலேபி மீன் என்கிறோமே, அதன் இரைப்பையில் சுரக்கும் அமிலம் எலுமிச்சைச் சாற்றையும் மிஞ்சும். செல் சுவரை அது அமிலத்தால் உடைக்கிறது. பாசி, லெம்னா, மென்மையான அசோலா எல்லாம் அதற்கு ஒத்துப்போகும்.

ரோகு, கட்லா, மிர்கால் உள்பட கெண்டை இனம் எதற்குமே உண்மையான இரைப்பை கிடையாது. அமிலம் இல்லை, நீண்ட குடல் மட்டும்தான். ரோகு அழுகிய செடியைக் கொறிக்கும், லெம்னாவையும் தின்னும், ஆனால் புல்கெண்டை அளவுக்குப் பச்சையைச் செரிக்காது. கட்லா மேல்மட்டத்தில் மிதவை உயிரிகளைத் தேடும் மீன். அதற்கு இலையை நேரடியாகப் போட்டுப் பயனில்லை. இவற்றுக்குக் காயவைத்து அரைத்து, தவிட்டோடு கலந்து கொடுத்தால்தான் பலன்.

விரால், கொடுவா இரண்டும் மாமிச மீன்கள். தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்கும் வயிறு அவற்றுக்கு. கொடுவாவுக்கு இன்னொரு தடையும் உண்டு. கடல் மீனுக்கு வேண்டிய நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் நன்னீர்ச் செடிகளில் இல்லை. செடியில் இருப்பது அதன் குட்டை வடிவம். நன்னீர் மீன்கள் குட்டையை நீளமாக மாற்றிக்கொள்ளும், கடல் மீன்களால் அது பெரிதாக முடியாது. விரால் குளத்தில் நிழலுக்கும் மறைவிடத்துக்கும் மிதக்கும் செடி விடுவது வேறு விஷயம். அதைத் தீவனக் கணக்கில் எழுதக் கூடாது.

இலைக்குள் இருக்கும் தடைகள்

நார் ஒன்றுதான் தடை என்றால் அரைத்துச் சரிசெய்துவிடலாம். இன்னும் சில இருக்கின்றன.

1. அமினோ அமிலச் சமநிலை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற இருபது வகைச் செங்கல்லால் கட்டிய சுவர். எந்தச் செங்கல் குறைகிறதோ அந்த உயரத்தோடு கட்டுமானம் நின்றுவிடும். அசோலாவிலும் லெம்னாவிலும் லைசின் ஓரளவு நன்றாகவே இருக்கிறது, மெத்தியோனின் குறைவு. சோயாவிலும் கடலைப் புண்ணாக்கிலும் அதே மெத்தியோனின்தான் குறைவு. ஆகவே புண்ணாக்கின் குறையை அசோலா நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் அதிகம். கொஞ்சம் மீன் தூளோ எள்ளுப் புண்ணாக்கோ சேர்த்தால்தான் கலவை தேறும்.

2. பைட்டேட். செடியில் பாஸ்பரஸைப் பூட்டி வைத்திருக்கும் பொருள். மீனிடம் அதற்குச் சாவி இல்லை. பாஸ்பரஸ் செரிக்காமல் வெளியேறிக் குளத்துப் பாசியைக் கிளப்பும்.

3. டானின், ஆக்சலேட், டிரிப்சின் தடுப்பான்கள். முதலாவது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிக்கவிடாது. இரண்டாவது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது செரிமான நொதியையே முடக்கும். ஊறவைத்துத் தண்ணீரை வடித்தால் ஆக்சலேட் கொஞ்சம் குறையும், சூடுபடுத்தினால் டிரிப்சின் தடுப்பான் குறையும்.

இவற்றைத் தாண்ட நல்ல வழி நொதிக்கவைத்தல், அதாவது புளிக்கவைப்பது. இட்லி மாவில் நடப்பதைப் போல நுண்ணுயிர் முன்கூட்டியே செரித்துக் கொடுத்துவிடும். சாந்திநிகேதன் விஸ்வ பாரதி பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீனின் குடலிலிருந்தே பிரித்தெடுத்த பாக்டீரியாவைக் கொண்டு லெம்னா இனத் தூளைப் புளிக்கவைத்து ரோகு குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பச்சைத் தூளாகக் கொடுத்தபோது தீவனத்தில் 10 சதவீதம் வரைதான் தாங்கியது. புளிக்கவைத்த தூளை 30 சதவீதம் வரை சேர்க்க முடிந்தது. பண்ணையில் இவ்வளவு நுட்பம் முடியாவிட்டாலும், அரைத்த செடியோடு தவிடும் மொலாசஸும் கலந்து காற்றுப் புகாத டிரம்மில் மூடிவைக்கும் ஊறுகாய்ப்புல் முறை கைக்கு எட்டுவதுதான். வெங்காயத்தாமரைக்கு உருப்படியான வழி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

புளிக்கவைக்காமல் வெறுமனே காயவைத்து அரைத்துப் போடுவதானால், கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் தீவனத்தில் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை நிற்பதே பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் வளர்ச்சி குறைந்து, மிச்சம் பிடித்த பணம் அறுவடையில் காணாமல் போகும்.

ஒரு ஏக்கர் குளத்துக்கு எவ்வளவு வேண்டும்?

குளத்தில் மொத்தம் 1,000 கிலோ மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் 2 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிலோ உலர் தீவனம். அதில் ஐந்தில் ஒரு பங்கை அசோலாவாக மாற்றப் போகிறோம்: 4 கிலோ உலர் அசோலா. ஈர எடையில் அது 67 கிலோ.

இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் கொண்ட ஒரு சில்பாலின் தொட்டியில் 10 முதல் 15 கிலோ சலித்த மண், 2 கிலோ சாணம், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், ஒரு கிலோ வித்து அசோலா இட்டால், பதினைந்து நாளுக்குப் பிறகு தினமும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக அள்ளலாம். அப்படியானால் 67 கிலோவுக்கு எத்தனை தொட்டி? ஏறக்குறைய 120. தொட்டியாக இல்லாமல் பாத்தியாகவே கட்டினாலும் 480 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 12 சென்ட்.

‘நாலு தொட்டி போதும்’ என்பது எங்கே இடிக்கிறது என்று இப்போது புரியும். நாலு தொட்டியில் கிடைக்கும் இரண்டு கிலோ ஈர அசோலா, காய்ந்தால் 120 கிராம். ஆயிரம் கிலோ மீனுக்கு அது ஒரு வாய்கூட இல்லை. ஆனால் அதே நாலு தொட்டி, குஞ்சு வளர்க்கும் சிறு நாற்றங்கால் தொட்டிக்கோ கொல்லைப்புறத்தில் நூறு திலேப்பியா வளர்க்கும் குட்டைக்கோ மெய்யாகவே உதவும்.

கூலியையும் பார்க்க வேண்டும். கலவைத் தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4 கிலோவுக்கு மிச்சம் 140 ரூபாய். தினமும் 67 கிலோ அள்ளி, கழுவி, பரப்பிக் காயவைத்து அரைக்க அந்தப் பணத்துக்குக் கூலி ஆள் கிடைக்காது. வீட்டு ஆட்களே செய்தால், அல்லது காயவைக்காமல் ஈரமாகவே புல்கெண்டைக்குப் போட்டால் கணக்கு ஒத்துவரும். பெரும்பாலான சிறு பண்ணைகளுக்கு நான் சொல்வது இரண்டாவது வழிதான்.

அசோலாவைக் கலவையில் சேர்ப்பதாக இருந்தால், எதை எடுத்துவிட்டுச் சேர்க்கிறோம் என்பது பெரிய விஷயம். தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம்தான். அந்த இடத்தில் அசோலா வந்தால் புரதம் ஏறும். புண்ணாக்கை எடுத்துவிட்டு அசோலா போட்டால் புரதம் பாதியாக இறங்கும். செலவைக் குறைக்கிறேன் என்று விலை கூடிய புண்ணாக்கில் கைவைப்பதுதான் நடக்கும் தவறு. எண்ணெய் நீக்காத தவிடாக இருந்தால் அதன் கொழுப்பு தரும் சக்தியையும் இழக்கிறோம் என்பதால், அங்கேயும் முழுக்க எடுத்துவிடக் கூடாது.

மிர்சாபூரில் நடந்தது

லெம்னாவை நம்பிக் கெண்டை வளர்க்க முடியுமா என்பதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் வங்கதேசத்தின் டாங்காயில் மாவட்டத்தில் உள்ள மிர்சாபூர். அங்கே குமுதினி மருத்துவமனை வளாகத்தின் கழிவுநீரை, பிரிசம் என்ற தொண்டு நிறுவனம் 1980-களின் இறுதியிலிருந்து லெம்னா வளர்க்கப் பயன்படுத்தியது. கழிவுநீர் முதலில் ஒரு குளத்தில் தங்கித் தெளியும். பிறகு பாம்பு போல வளைந்து செல்லும் 0.6 ஹெக்டேர் வாய்க்கால் ஒன்றில் மெதுவாக ஓடும். வாய்க்கால் முழுக்க லெம்னா. காற்று அடித்தால் இவ்வளவு லேசான செடி ஒரு ஓரமாகப் போய்க் குவிந்துவிடும் என்பதால், நீர்ப்பரப்பை மூங்கில் சட்டங்களால் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். தினமும் அள்ளிய லெம்னாவைப் பக்கத்திலேயே இருந்த கெண்டைக் குளங்களில், மிதக்கும் மூங்கில் சட்டத்துக்குள் ஈரமாகவே போட்டார்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மீன் கிடைத்தது. வாய்க்காலின் மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வந்தது. உலக வங்கி 1993-ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

பிறகு ஏன் ஊருக்கு ஊர் இது வரவில்லை? மிர்சாபூரின் வெற்றிக்கு அடியில் மூன்று விஷயங்கள் இருந்தன. நைட்ரஜன் நிறைந்த தண்ணீர் தினமும் இலவசமாகக் கிடைத்தது. அது மருத்துவமனை, பள்ளி, குடியிருப்பு இருந்த வளாகத்தின் கழிவு, தொழிற்சாலைக் கழிவு அல்ல. அள்ளவும் பராமரிக்கவும் முழுநேர ஆட்கள் இருந்தார்கள். இந்த மூன்றில் முதலாவதை எடுத்துவிட்டு யூரியா வாங்கிப் போட்டு லெம்னா வளர்த்தால், செலவு தீவன விலையை எட்டிவிடுகிறது. இந்த முறையின் லாபம் மீனில் பாதி, கழிவுநீர் சுத்திகரிப்பில் பாதி. சுத்திகரிப்புக்கு யாரும் பணம் கொடுக்காத இடத்தில் அது அரை லாபத்தோடு ஓட வேண்டியிருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்த ஒரு கேள்வியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லெம்னாவும் வெங்காயத்தாமரையும் தண்ணீரைச் சுத்தம் செய்வதில் பேர் பெற்றவை. சுத்தம் செய்வது என்றால் அழுக்கை மாயமாக்குவது அல்ல, தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது. சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை, முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் கழிவு கலக்கும் ஏரியில் வளர்ந்த செடியில் குரோமியம், காட்மியம், ஈயம் சேர்ந்திருக்கும். வேரில் அதிகம், இலையில் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல. அதை மீனுக்குப் போட்டால் மீனுக்குள் போகும். மீனைச் சாப்பிடும் குழந்தைக்குள்ளும் போகும்.

ஆகவே நகரத்து ஏரியிலிருந்து இலவசமாக அள்ளிவரும் செடியைத் தீவனமாக்க வேண்டாம். எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். அதை மட்க வைத்து நந்தவனத்துக்குப் போடுவது வேறு. உணவுச் சங்கிலிக்குள் நுழைப்பது வேறு. சொந்தத் தொட்டியில், தெரிந்த தண்ணீரில், தெரிந்த சாணத்தில் வளர்த்ததை மட்டுமே போட வேண்டும். வீட்டுக் கழிவுநீராக இருந்தாலும் மிர்சாபூரைப் போல முதலில் தங்கித் தெளியவிட்ட பிறகுதான்.

குளத்தில் போடும்போது

ஈரச் செடியைக் குளம் முழுக்க வீசக் கூடாது. மூங்கிலாலோ பிவிசி குழாயாலோ நாலடிக்கு நாலடி மிதக்கும் சட்டம் செய்து, கரையோரமாகக் கட்டி, அதற்குள் மட்டும் போட வேண்டும். தவிடும் புண்ணாக்கும் தொங்கும் ஓட்டைச் சாக்குகளுக்குச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். புல்கெண்டை பழகிய குளத்தில், சட்டத்துக்குள் அசோலா விழுந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கும், செடி அடியிலிருந்து இழுபடும். வேலம்பாசியையும் வள்ளைக்கீரையையும் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் சிறிய மீன்களும் பிடித்துக்கொள்ளும்.

அசோலாவையும் லெம்னாவையும் மீன் குளத்திலேயே வளரவிடுவது தனி ஆபத்து. தின்பதைவிட வேகமாகப் பெருகினால் நீர்ப்பரப்பை மூடிவிடும். வெளிச்சம் கீழே போகாது, நுண்பாசி சாகும், காற்று தண்ணீரில் கலப்பதும் குறையும். இரவில் எல்லா உயிரும் ஆக்சிஜனை இழுக்க, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அன்றைக்கே பாதிச் செடியையாவது வலைபோட்டு வாரி எடுக்காவிட்டால் மீன் சாவு நிச்சயம். வளர்க்கும் தொட்டி வேறு, மீன் குளம் வேறு என்று பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

அளவு சரியா என்று பார்க்க மறுநாள் காலை அந்தச் சட்டமே போதும். முதல் நாள் மாலையில் போட்டது முழுக்கத் தீர்ந்திருந்தால் இரண்டு கிலோ கூட்டலாம். கால்வாசிக்கு மேல் மிஞ்சியிருந்தால் அள்ளி வெளியே போட்டுவிட்டு, அன்றைக்கு அளவைக் குறைக்க வேண்டும். மிஞ்சியது மஞ்சளாகி நாற்றம் அடித்தால் புதுச் செடி போடும் முன்பு சட்டத்தை இடம் மாற்றிக் கட்டிவிட வேண்டும்.